துரையடி

பாலத்துமேட்டுக்காரர்களுக்குத் துரையின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா என்பதும் தெரியாது. வெள்ளாற்றின் குறுக்கே முதல் ரயில் பாலத்தைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர், அவ்வளவுதான். ஆனால் அவன் எப்படி அடிப்பான் என்பது மட்டும் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். குதிரையில் உட்கார்ந்தபடியே சாட்டையைச் சுழற்றுவானாம். மண் சுமக்கிறவன் மூச்சு வாங்க நின்றால் முதுகில் ஒன்று, கூடையைக் கீழே வைத்தால் இரண்டு. மூன்று தடவை வெள்ளம் வந்து தூண்களைத் தள்ளிக்கொண்டு போயிற்றாம். மூன்று தடவையும் அடித்து அடித்தே மறுபடி கட்டவைத்தானாம். கடைசியில் பாலம் நின்றது, அவன் நிற்கவில்லை. முதல் ரயில் போன கொஞ்ச நாளில் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஆற்றங்கரையிலேயே புதைத்துக் கல் நட்டார்கள். கல்லில் என்னவோ இங்கிலீஷில் வெட்டியிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊற்றி அதுவும் மழுங்கிவிட்டது.

உதைத்தவன் காலைக் கும்பிடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அந்தத் துரைக்கல்லுக்குச் சுருட்டும் பிராந்தியும் வைத்துப் படைப்பார்கள். படையல் முடிந்ததும் ஆண்கள் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்பார்கள். முதுகில் ஆளுக்கு ஒரு சாட்டையடி விழும். அதற்குத் துரையடி என்று பெயர். துரையடி பட்டவனுக்கு அந்த வருஷம் காய்ச்சல் அண்டாது, ஆற்றில் சாவு கிடையாது, செய்த பாவம் எதுவானாலும் அந்த அடியோடு போச்சு. சாட்டையை யார் பிடிப்பது என்பதற்கும் முறை இருந்தது. அந்தச் சமயம் பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் ரயில்வே இன்ஜினியர் எவனோ அவன்தான் துரைக்கு வாரிசு; முதல் அடி அவன் கையால் விழவேண்டும். வந்த இன்ஜினியர்கள் எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு முதுகை லேசாகத் தட்டிவிட்டு, சக்கரைப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கதிரவன் அப்படிப் போகிற ஆளாக இல்லை. அண்ணாகிராமத்து முந்திரிக்காட்டுக்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வாசலில் எவனாவது எலுமிச்சம்பழம் கட்டினால் அறுத்துப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடிக்கிற ரகம். மகன் சிதம்பரத்தில் சிவில் படித்தான், 2004இல் ரயில்வே பரீட்சையில் தேறினான். அந்தக் குடும்பத்துக்கு அவன்தான் முதல் இன்ஜினியர். மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கி பிராட்கேஜ் போடும் வேலை தொடங்கியதும், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வெள்ளாற்றுப் பாலத்தை அவன் தலையில் கட்டினார்கள். அவனுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். துரை கட்டிய பாலத்துக்குப் பக்கத்திலேயே தான் ஒரு பாலம் கட்டப்போகிறோம் என்று ஊருக்குப் போன் போட்டு எல்லோரிடமும் சொன்னான்.

புதுப்பாலத்தின் தூண்கள் கிணறுகள்மேல் நிற்கும். சிமெண்டால் பெரிய வளையங்களாகக் கட்டி, உள்ளே இருக்கிற மண்ணை அள்ள அள்ள, கிணறு தன் கனத்திலேயே ஆற்றின் வயிற்றுக்குள் இறங்கும். மற்றக் கிணறுகளெல்லாம் ஒழுங்காக இறங்கிவிட்டன. நாலாவது மட்டும் 2007 ஆனியில் பாதியில் நின்றுகொண்டு அடம்பிடித்தது. அடியில் ஏதோ தடுக்கிறது. அது என்னவென்று முங்கிப் பார்க்க வந்தவன்தான் தங்கராசு.

தங்கராசு தேவனாம்பட்டினத்து மீனவன். சுனாமி அவனுடைய ஒரே மகளைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் அவன் கட்டுமரத்தைத் தொடவில்லை. “கடல் மூஞ்சில முழிக்க மாட்டேன் சார். கெணத்துத் தண்ணின்னா பரவால்ல” என்று கதிரவனிடம் சொன்னான். ஆற்றங்கரைக் கொட்டகையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவான். இடுப்பு மடியில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். கரையில் விளையாடுகிற பிள்ளைகளைக் கண்டால் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதுகள் தின்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போவான். பெண்டாட்டி அஞ்சலாட்சி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்று ஊர்ப் பெரியதனக்காரர் சுப்பராயலு தாம்பாளத்தில் சாட்டையை வைத்து எடுத்துக்கொண்டு சைட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் தாரை தப்பட்டையோடு மொத்த ஊரும் வந்தது. சைட்டில் மண் வேலைக்கு ஆள் விடுகிற மேஸ்திரியும் அவர்தான் என்பதால், கதிரவனால் ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

“சும்மா தொட்டுக் குடுங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்.”

“ஆளுங்கள அடிக்கறதுக்கா கவர்மெண்ட்டு எனக்குச் சம்பளம் குடுக்குது?”

“நாலாங் கெணறு எறங்கமாட்டேங்குதே சார். தொரைக்குக் கோவம் ஜாஸ்தியாயிடுச்சின்னு ஊரே பேசுது.”

காலையில்தான் மேலதிகாரி போனில் கதிரவனை நார்நாராகக் கிழித்திருந்தார். நாலாம் கிணறு என்ற பேச்சைக் கேட்டதுமே அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அப்பாவிடமிருந்து வந்த நாக்கு வேறு, சும்மா இருக்குமா?

“கோவத்துக்கெல்லாம் சாட்டையடி பத்தாதுய்யா. கொழுகொழுன்னு ஒரு புள்ளையாப் பாத்துக் கொண்டாங்க. கெணத்துல போட்டுட்டா மறுநாளே எறங்கிடும்” என்றான். சொன்னதோடு விடாமல், முன்னால் நின்ற நாலு வயசுப் பெண்குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “இது போதும், இதையே குடுத்துடுங்க” என்றான்.

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். ஊரும் சிரித்தது, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது. குழந்தை சினேகாவின் தாய் கொளஞ்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

அறிவாளி செய்கிற தப்பு இது. தனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம் எதிரே நிற்கிறவனுக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வான். பாலம் என்றால் பலி கேட்கும் என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம்புகிற ஊரில், பாலம் கட்டுகிறவனே வாயால் சொன்னால் அது வேடிக்கையா? பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் பேச்சு முற்றிவிட்டது. ரயில்வேக்காரன் பிள்ளை கேட்கிறான். பிள்ளை பிடிக்க ஆளும் வைத்திருக்கிறான். மிட்டாய் கொடுத்துப் பழக்குகிறானே, அவன்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆண்கள் இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டு அலைந்தார்கள். தங்கராசு நீட்டிய மிட்டாயை ஒரு கிழவன் தட்டிவிட்டு அவன் முகத்தில் காறித் துப்பினான். தங்கராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை நேரம். தங்கராசு நாலாம் கிணற்றில் முங்கி, அடியில் குறுக்கே கிடந்த பெரிய மரத்தைக் கண்டுபிடித்து, அதில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக் கட்டிவிட்டு மேலே வந்தான். கிரேன் டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். வந்ததும் இழுத்துவிடலாம் என்று கதிரவன் தன் ஆபீசான கண்டெய்னருக்குள் போய் உட்கார்ந்தான். மனசு லேசாகிவிட்டது அவனுக்கு.

தங்கராசு கை கால் கழுவ ஆற்றோரமாகப் போனான். மணல் அள்ளிய பள்ளத்தில் சின்னதாக ஒரு பாவாடை மிதந்துகொண்டிருந்தது. அம்மா துணி துவைக்கிற நேரத்தில் சினேகா வழுக்கி விழுந்திருந்தாள். அவன் குதித்து அள்ளினான். பிள்ளைக்கு மூச்சில்லை. ஜீப்பும் மருந்துப் பெட்டியும் இருப்பது கண்டெய்னர் பக்கம். கண்டெய்னர் இருப்பது நாலாம் கிணற்றுக்குப் பக்கத்தில். தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

கரையில் இருந்தவர்கள் பார்த்தது வேறு. தண்ணீர் சொட்டச் சொட்ட பிள்ளை பிடிக்கிறவன், தலை தொங்கிப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றைப் பார்த்து ஓடுகிறான். கொளஞ்சியம்மாள் போட்ட சத்தத்தில் ஊர் எழுந்தது. “போடறான்டா! கெணத்துல போடறான்டா!”

கதிரவன் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தான். தங்கராசு பிள்ளையை அவன் கையில் திணித்தான். “வவுத்த அமுக்கு சார், சீக்கிரம்” என்றான். அவன் பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. கடப்பாரை, மண்வெட்டி, சவுக்குக் கழி, கையில் அகப்பட்டதெல்லாம் இருந்தது. முன்னால் சுப்பராயலு வந்தார். தங்கராசு திரும்பி இரண்டு கையையும் தூக்கி, “புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, இருங்க” என்று கத்தினான்.

கதிரவன் கதவைச் சாத்தினான். உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டான்.

பிள்ளையைத் தரையில் கிடத்தி அமுக்கினான். வாயில் வாய் வைத்து ஊதினான். வெளியே கதவில் கை தட்டுகிற சத்தம். “சார், தொற சார். புள்ளையக் காட்டு சார், வுட்டுருவாங்க.” அப்புறம் அந்தக் குரல் தகரத்தில் மோதியது. மண்டைதான் மோதியது. இன்னொரு தடவை மோதியது. பிள்ளை தண்ணீரைக் கக்கியது, இருமியது, வீல் என்று அழுதது. உயிரோடு இருக்கிற பிள்ளை கதிரவன் மடியில் இருந்தது. தாழ்ப்பாளுக்கும் அவன் கைக்கும் நடுவில் இரண்டு எட்டுகூட இல்லை. கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டினால் போதும்.

அவன் திறக்கவில்லை. கால் எழவில்லை. பயம். வேறு பெயர் வைத்து அதைப் பூசி மெழுகுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜன்னல் கம்பி வழியே எல்லாம் தெரிந்தது. சுப்பராயலு கடப்பாரையை ஓங்கித் தங்கராசின் முழங்காலில் இறக்கினார். அவன் விழுந்தான். தவழ்ந்து மறுபடி கதவுக்கே வந்தான். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஒருவன் தங்கராசின் தோளில் அடித்தான். அடித்தவன் பழனிவேல், தினமும் கதிரவனுக்கு டீ வாங்கி வருகிறவன். கடலை மிட்டாய் மண்ணில் சிதறிக் கிடந்தது. கழிகள் விழுந்துகொண்டே இருந்தன. தங்கராசு அசையாமல் போன பிறகும் விழுந்தன. அடிக்கிறவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அடி விழுகிற சத்தம் நின்றுபோனபோதுதான் கொளஞ்சியம்மாள் காதில் பிள்ளையின் அழுகை விழுந்தது. அவள், “எம் புள்ள அழுவுது... உள்ள அழுவுது” என்றாள். அப்புறம்தான் எல்லோரும் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்து அது தன் பங்குக்கு அடித்தது. ஆண்கள் முந்திரித் தோப்புகளுக்கு ஓடிவிட்டதால் பெண்களும் கிழங்களும் லத்தியடி வாங்கினார்கள். மறுநாள் தேவனாம்பட்டினத்திலிருந்து மூன்று லாரியில் ஆட்கள் துடுப்போடு வந்து இறங்கினார்கள். குடிசைகள் எரிந்தன, இரண்டு தரப்பிலும் மண்டைகள் பிளந்தன. இத்தனைக்கும் நடுவில் அஞ்சலாட்சி கண்டெய்னர் வாசலில் உட்கார்ந்து, தகரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரவன் வந்து எதிரே நின்றான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கதவு வெளியவா சாத்தியிருந்துச்சு, உள்ளவா?”

“உள்ள” என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே கிரேன் சங்கிலியை இழுத்தது, மரம் வந்தது, நாலாம் கிணறு இறங்கியது. செத்துப்போனவன் கட்டிவிட்டுப் போன சங்கிலி. ஊருக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? பலி விழுந்தது, பாலம் எழுந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

கடலூர் கோர்ட்டில் கேஸ் 2009இல் வந்தது. கதிரவன்தான் முதல் சாட்சி. முந்தின நாள் மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு, வேலை முடிகிற கட்டம், ஊர்க்காரனைப் பகைத்தால் ஒரு கூடை ஜல்லிகூட இறங்காது, நீ பார்த்துச் சொல்லு என்று சொல்லியிருந்தார். கதிரவன் பார்த்தே சொன்னான். ஜன்னல் சாத்தியிருந்தது, வெளியே யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது என்றான். பச்சைப் பொய். சாட்சி இல்லையென்று அத்தனை பேரும் விடுதலையானார்கள். அடுத்த வருஷம் ரயில் ஓடியது. கதிரவனுக்குப் பிரமோஷன் கிடைத்து, திருச்சிப் பக்கம் போனான். கல்யாணம் ஆயிற்று. வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட அவன் விடுவதில்லை. ஏன் என்று பெண்டாட்டிக்குத் தெரியாது.

2012இல் மழைக்கு முன்னால் பாலங்களைப் பார்த்துவரச் சொல்லி அவனை அனுப்பினார்கள். சிதம்பரத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினான். அன்று ஆடிப்பெருக்கு என்பது தாரை தப்பட்டை கேட்டபிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போயிருக்கலாம். கால் கரைக்கே போயிற்று.

துரைக்கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நின்றது. மஞ்சள் பூசி, மாலை போட்டு, முன்னால் குவியலாகக் கடலை மிட்டாய் வைத்திருந்தார்கள். சட்டையில்லாத ஆண்கள் வரிசையில் நின்றார்கள். சாட்டையைப் பிடித்திருந்தது ஒரு பெண். பக்கத்தில் ஒன்பது வயசுப் பெண் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். சாட்டை விழுந்தது. இது சும்மா தட்டிவிடுகிற அடி இல்லை. தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. அடிபட்டவர் மண்ணில் குப்புற விழுந்தார். சுப்பராயலுதான், தலை முழுக்க நரைத்துப்போயிருந்தார்.

“போச்சா தாயி?” என்று கேட்டார்.

“போவல. அடுத்த வருசமும் வா” என்றாள் அஞ்சலாட்சி.

பக்கத்தில் நின்ற வெளியூர்க் குடித்தனக்காரர் ஒருவர், கதிரவன் கேட்காமலே சொன்னார். “சாமியோட சம்சாரம் சார். புள்ளையக் காப்பாத்துனவர இவுனுங்களே அடிச்சிக் கொன்னுட்டானுங்க. கேசுல தப்பிச்சதும் இந்தம்மா வந்து சாட்டையப் புடுங்கிக்கிச்சு. ரயில்வே இஞ்சினியருதான் புடிக்கணும்னு இவுனுங்க சொல்லப்போக, ‘அவன் கதவ சாத்திக்கினு என் புருசனக் குடுத்துட்டான், அந்தச் சாட்ட இனிமே எனக்கு’ன்னுச்சு. ஜெயிலுக்குப் போறதுக்கு முதுகு கிழிஞ்சாப் பரவால்லன்னு இவுனுங்களும் நிக்கறானுங்க. அந்த இஞ்சினியரு ஒருத்தன்தான் இன்னும் அடி வாங்கல.”

கதிரவன் சட்டையைக் கழற்றி ஜீப் டிரைவர் கையில் கொடுத்தான். வரிசையின் கடைசியில் போய் நின்றான். இத்தனை வருஷமாக அவன் உடம்பு இந்த அடிக்குத்தான் காத்திருந்தது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரே ஓர் அடி. அதோடு போய்விடும். அப்பா பார்த்தால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

முறை வந்தது. முதுகைக் காட்டிக் குனிந்தான். சாட்டை விழவில்லை.

“திரும்பு” என்றாள்.

திரும்பினான். அவள் அடையாளம் கண்டுகொண்டாள். வரிசையில் நின்றவர்களும் கண்டுகொண்டார்கள். தப்பட்டை தானாக நின்றது.

“அடிங்கம்மா” என்றான். “நான் வாங்க வேண்டியது.”

“உனுக்குக் கெடையாது.” அவள் சாட்டையைச் சுருட்டிக்கொண்டாள். “இவுனுங்க கையால கொன்னானுங்க, முதுவக் காட்றானுங்க. நீ வாயால கொன்ன. வாய மூடிக்கினே கோர்ட்டுலயும் கொன்ன. முதுவ வச்சிக்கினு நான் என்னா பண்றது? ஜன்னலு சாத்தியிருந்துச்சா சார்?”

கதிரவன் சுற்றிலும் பார்த்தான். ஜீப் தூரத்தில் நின்றது. கண்டெய்னர் இருந்த இடத்தில் இப்போது கோரைதான் முளைத்திருந்தது. கதவு என்று எதுவும் இல்லை.

“தொறந்திருந்துச்சு” என்றான்.

“சத்தமா.”

“ஜன்னல் தொறந்திருந்துச்சு. நான் பாத்தேன். முதல் அடி சுப்பராயலு. கடப்பாரையால முழங்கால்ல அடிச்சாரு.”

குப்புறக் கிடந்த சுப்பராயலு எழுந்தார். சாட்டைக்கு வருஷா வருஷம் முதுகு காட்டிய ஊருக்கு, தன் பெயரை வெளிச்சத்தில் கேட்கிற பழக்கம் இல்லை. குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, முகங்களாகத் திரும்பின. யாரோ ஒருவன் பொங்கல் அடுப்பிலிருந்து விறகுக் கட்டையை உருவினான். “வாய மூடு சார்” என்றது ஒரு குரல்.

“ரெண்டாவது பழனிவேலு. மம்புட்டியால தோள்ல.”

கட்டை வந்து அவன் வாயிலேயே விழுந்தது. உதடு கிழிந்து பல் ஆடியது. அவன் மண்டி போட்டு விழுந்தான். அஞ்சலாட்சி சாட்டையை அவிழ்த்துக்கொண்டு அவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். செம்போடு நின்ற சினேகாவும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்றாவது ஆள் வரிசையின் நடுவில் இருந்தான். கதிரவன் வாயில் நிரம்பிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவன் பெயரைச் சொன்னான்.